ஒரே கல்லூரியின் இரு மாணவர்களும் ஒரு கைக்கடிகாரமும்

1934ஆம் ஆண்டு பெங்களூர் பிரஸ் அச்சகத்திலிருந்து ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. ‘இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம்’ என்பது அதன் தலைப்பு. எழுதியவர் மைசூர் சமஸ்தானத்தின் முன்னாள் திவான், எழுபது வயதைக் கடந்த பொறியாளர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. பத்தாண்டுகளில் நாட்டின் வருமானத்தை இரு மடங்காக்க வேண்டும். உழவை மட்டுமே நம்பி வாழும் மக்களில் ஒரு பெரும்பகுதியினரைத் தொழில்துறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நூலின் சாரம்.

கால் நூற்றாண்டு கழித்து, 1959இல், சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. அரசு வகுக்கும் திட்டங்களே நாட்டின் பொருளாதாரத்தை நடத்த வேண்டும் என்ற கொள்கையை நேருக்கு நேர் எதிர்த்த கட்சி அது. அதை நிறுவிய இராஜாஜிக்கு அப்போது எண்பது வயது. ‘பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம்’ என்று அவர் அன்றைய ஆட்சிமுறைக்குச் சூட்டிய பெயர் இன்றுவரை வழங்குகிறது.

இவ்விருவருக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் மாணவர்கள். விஸ்வேஸ்வரய்யா 1880களின் தொடக்கத்தில் அங்கே பட்டம் பெற்றார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1890களில் அதே கல்லூரியில் படித்து வெளியேறினார். திட்டமிட்ட பொருளாதாரமா, தடையற்ற சந்தையா என்று இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலகம் நடத்திய வாதத்தின் இந்திய வடிவத்துக்கு இவ்விரு மாணவர்களையும் இரு முனைகளாகக் கொள்ளலாம். அவ்வாதம் நூல்களில் முடிவு காணவில்லை. பெங்களூரிலும் அதன் எல்லையைத் தாண்டிய ஓசூரிலும் ஆலைகளாகவும் ஊதியங்களாகவும் அது வாழ்ந்து காட்டப்பட்டது.

1. திவானின் திட்டம்

இந்த நகரத்தைப் பற்றி இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை எளிமையானது: 1991க்கு முன் அரசு ஆலைகள், தேக்கம், காத்திருப்பு, 1991க்குப் பின் சந்தை, மென்பொருள், செழிப்பு. கதையின் தொடக்கத்தைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்தினால் இந்த எளிமை கலைந்துவிடுகிறது.

1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 92 மைல் தொலைவுக்கு மின்கம்பி இழுக்கப்பட்டது. அம்மின்சாரம் முதலில் சென்ற இடம் கோலார் தங்கவயல். சுரங்கங்கள் பிரித்தானியத் தனியார் முதலீட்டாளர்களுடையவை. மின்நிலையம் மைசூர் அரசினுடையது. சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களிலும் மிகப் பலர் தலித்துகள். மின்திட்டத்தைத் தொடங்கிவைத்த திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். அது நிறைவேறுமுன்பே 1901இல் காலமானார். 1905இல் பெங்களூரின் தெருவிளக்குகளும் இதே மின்சாரத்தால் எரிந்தன. அரசின் முதலீடு தனியார் லாபத்துக்கு வழிசெய்தது. தங்கத்தின் மீது கிடைத்த உரிமைத்தொகை அரசின் கருவூலத்தை நிரப்பி அடுத்த முதலீட்டுக்கு உதவியது. இதில் எந்த இடத்தில் ‘அரசு’ முடிந்து ‘சந்தை’ தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம்.

1912இல் திவானான விஸ்வேஸ்வரய்யா இதையே ஒரு முறையாக வளர்த்தார். 1913இல் மைசூர் வங்கி தொடங்கப்பட்டது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. சந்தன எண்ணெய் ஆலையின் வரலாறு அவருடைய சிந்தனைமுறைக்கு நல்ல சான்று. மைசூரின் சந்தனக் கட்டைகள் பெரும்பாலும் ஜெர்மனிக்குச் சென்று அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டன. முதல் உலகப்போர் மூண்டதும் அச்சந்தை ஒரே நாளில் அடைபட்டது. வாங்குவாரின்றிக் கட்டைகள் குவிந்தபோது, இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்களின் உதவியுடன் எண்ணெயை இங்கேயே வடிக்க மைசூர் அரசு முடிவுசெய்தது. 1916இல் பெங்களூரில் ஆலை எழுந்தது. சில ஆண்டுகளில் சந்தன சோப்பும் வந்தது. எந்த வணிகரும் துணியாத முதல் அடியை அரசு எடுத்துவைத்த நிகழ்வு இது.

ஆயினும் விஸ்வேஸ்வரய்யாவைப் பொதுவுடைமையாளர் என்று எண்ணுவது பிழை. 1934ஆம் ஆண்டு நூலில் அவர் சோவியத் வழியைத் தெளிவாக விலக்கி, தனிமனித முனைப்பைத் தடுக்காத கூட்டு முயற்சியையே பரிந்துரைத்தார். அமெரிக்காவும் துருக்கியும் அவர் சுட்டிய முன்மாதிரிகள். 1898இல் ஜப்பானுக்குச் சென்றுவந்த அனுபவம் அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. முதலாளித்துவம் இல்லாத நாட்டில் முதலாளித்துவத்தை உருவாக்கும் கருவியாகவே அவர் திட்டத்தைக் கண்டார்.

அவருடைய பார்வைக்கு ஓர் எல்லையும் இருந்தது. அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை மகாராஜா ஏற்று, 1918இல் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி குறைந்துவிடும் என்று கருதிய விஸ்வேஸ்வரய்யா அதை ஏற்காமல் பதவி விலகினார். எத்தனை டன் இரும்பு, எத்தனை யூனிட் மின்சாரம் என்று கணக்கிடத் தெரிந்த திட்டம், அவ்வளர்ச்சியின் நாற்காலிகளில் யார் அமர்வார்கள் என்ற கேள்வியைக் கணக்குக்கு வெளியே வைத்தது.

2. அனுமதி என்னும் ஆயுதம்

1930களில் விஸ்வேஸ்வரய்யாவின் பெருங்கனவு மோட்டார் வாகன ஆலை. தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்துடன் இணைந்து பெங்களூரில் அதை நிறுவ முயன்றார். மைசூர் அரசு ஆதரவளிக்க முன்வந்தது. பிரித்தானிய இந்திய அரசு முட்டுக்கட்டை போட்டது. ஆலை பெங்களூருக்கு வரவேயில்லை. வால்சந்த் பின்னர் 1944இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். அரசின் ஒப்புதலுக்காகத் தொழில்முனைவோர் காத்துக்கிடக்கும் வழக்கம் சோசலிசத்தோடு இந்தியாவுக்கு வந்ததன்று. காலனி ஆட்சியிலேயே அது வேரூன்றியிருந்தது.

வால்சந்தின் மற்றொரு முயற்சி வேறுவகையில் முடிந்தது. 1940 டிசம்பரில் மைசூர் அரசின் பங்கேற்புடன் அவர் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். போர் நெருங்கிய 1942இல் இந்திய அரசு அவருடைய பங்கை விலைக்கு வாங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. இன்றைய எச்.ஏ.எல்.லின் தோற்றுவாய் ஒரு தனியார் முதலாளியின் துணிச்சல் என்பது பலரும் மறந்த செய்தி.

இதற்கிடையே 1938இல் காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்தார். அதன் தலைமைக்கு முதலில் பேசப்பட்ட பெயர் விஸ்வேஸ்வரய்யா. அரசியல் செல்வாக்குள்ளவர் தலைமையேற்றால்தான் திட்டம் நிறைவேறும் என்று இயற்பியலாளர் மேகநாத் சாகா வாதிட, அவர் நேருவுக்கு வழிவிட்டார். பொறியாளரின் திட்டம் அரசியல்வாதியின் திட்டமாக மாறிய தருணம் இது. அதே குழுவில் இடம்பெற்றிருந்த தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, பெருந்தொழிலையே இலக்காகக் கொண்ட போக்கை ஏற்காமல் விரைவில் வெளியேறினார். கைகளுக்கு வேலை தராத உற்பத்தி யாருக்காக என்பது அவருடைய கேள்வி. திட்டவாதிகளும் சந்தைவாதிகளும் அக்கேள்வியைப் பின்னர் ஒருசேர ஓரங்கட்டினர்.

முதலாளிகளும் அன்று திட்டத்துக்கு எதிரிகளாக இல்லை. 1944இல் ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா முதலியோர் வெளியிட்ட பம்பாய்த் திட்டம், பதினைந்து ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டையும் அரசின் வலுவான தலையீட்டையும் கோரியது. கையொப்பமிட்ட எண்மருள் ஒருவரான ஏ.டி. ஷெராஃப், 1956இல் தனியார் தொழிலை ஆதரித்துப் பேச ஓர் அமைப்பைத் தொடங்கினார் என்பதிலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளில் காற்று எவ்வளவு மாறியது என்பதை உணரலாம்.

3. ஆலைகளின் நகரம்

விடுதலைக்குப் பின் பெங்களூர் இந்தியத் திட்டமிடலின் காட்சிக்கூடமாயிற்று. 1948இல் தொலைபேசித் தொழிலகமான ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1964இல் பி.இ.எம்.எல். என்று வரிசையாக எழுந்தன. கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் தள்ளியிருந்த பாதுகாப்பு, மின்சாரம், இந்திய அறிவியல் கழகம், இதமான காலநிலை ஆகிய அனைத்தும் இந்நகரத்துக்குச் சாதகமாயின. ஆலைகளோடு குடியிருப்புகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வந்தன. கன்னடர், தமிழர், மலையாளி, தெலுங்கர் எனப் பல மொழியினர் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். முதல் தலைமுறைத் தொழிலாளி ஒருவர் ஓய்வூதியக் கணக்கோடு வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. திட்டத்தின் ஆதரவாளர்கள் இதைத்தான் முதலில் சுட்டுவர்; சுட்டுவதில் நியாயமும் உண்டு.

எச்.எம்.டி.யின் தொடக்கம் அதற்கு வலுவான சான்று. சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களை அது உருவாக்கியது. தன் லாபத்திலிருந்தே இரண்டாவது ஆலையை எழுப்பியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. கடத்தல்காரர்களிடம் வாங்கிய வெளிநாட்டுக் கடிகாரம் அந்தஸ்தின் அடையாளமாக இருந்த காலத்தில், ஒரு பள்ளி ஆசிரியரின் மணிக்கட்டுக்கும் கடிகாரம் கிடைத்தது. தேர்வில் வென்ற மகனுக்கும் மணமேடை ஏறும் மருமகனுக்கும் எச்.எம்.டி. பரிசளிப்பது வழக்கமாயிற்று.

எதிர்வாதமும் அன்றே எழுந்தது. 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். நாட்டின் சேமிப்பை மீறிய முதலீடு பணவீக்கத்தைத் தரும். கட்டுப்பாடுகள் ஒன்றிலிருந்து ஒன்று பெருகும் என்பது அவர் எச்சரிக்கை. அவருடைய சிந்தனைக்குப் பின்னால் ஹாயெக் இருந்தார். எவ்வளவு அறிவுடைய திட்டக்குழுவானாலும், கோடிக்கணக்கான மக்களிடம் சிதறிக்கிடக்கும் சிறுசிறு தகவல்களை ஓர் அறைக்குள் திரட்ட இயலாது, விலை மட்டுமே அதைச் செய்யும் என்று ஹாயெக் 1945இல் வாதிட்டிருந்தார். இராஜாஜி இதே கருத்தை அறத்தின் மொழியில் சொன்னார்: உரிமம் வழங்கும் அதிகாரம் ஊழலை வளர்க்கும், குடிமகனை மனுதாரனாக்கும். 1967 தேர்தலில் அவருடைய கட்சி மக்களவையில் 44 இடங்களை வென்றது. பின்னர் தேய்ந்து மறைந்தது. எச்சரிக்கைக்கு மட்டும் ஆயுள் அதிகம்.

தொலைபேசியில் அதன் உண்மை வெளிப்பட்டது. ஐ.டி.ஐ.க்கு ஏறத்தாழ ஒரே வாடிக்கையாளர், அரசின் அஞ்சல் தந்தித் துறை. அரசே செய்து அரசே வாங்கியதால், இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற குடிமகனின் பொறுமையின்மை எந்த ஆலைக்கும் இழப்பாகப் பதிவாகவில்லை. உள்ளே இருந்த தொழிலாளிக்கும் குறை இருந்தது. 1980 டிசம்பர் இறுதியில், பி.எச்.இ.எல். தொழிலாளருக்கு இணையான ஊதியம் கோரிப் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 77 நாள் நீடித்தது. முதலாளியும் அரசு, நடுவரும் அரசு, காவலரும் அரசு என்ற நிலையில் யாரிடம் முறையிடுவது என்ற சிக்கலை அப்போராட்டம் வெளிச்சமிட்டது.

4. ஓசூரின் கடிகாரம்

1970களின் இறுதிக்குள் உலகக் கடிகாரத் தொழிலைக் குவார்ட்ஸ் தொழில்நுட்பம் புரட்டிப்போட்டிருந்தது. எச்.எம்.டி. குவார்ட்ஸை அறியாமல் இல்லை. 1980களின் தொடக்கத்திலேயே அவ்வகைக் கடிகாரங்களைச் செய்தும் பார்த்தது. ஆனால் இந்தியர்கள் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே விரும்புவர் என்று கணித்து, தன் பெரும்பலத்தை அதிலேயே வைத்தது. கணிப்பு தவறுவது எந்த நிறுவனத்துக்கும் நேரக்கூடியது. போட்டியற்ற சந்தையில் அத்தவற்றைச் சுட்டிக்காட்ட எவரும் இல்லை என்பதே அதன் கேடு.

சுட்டிக்காட்டியவர் பெங்களூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் வந்தார். 1984இல் பதிவுபெற்ற டைட்டன் நிறுவனம் ஓசூரின் சிப்காட் வளாகத்தில் ஆலை அமைத்தது. அதன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் 1987இல் கடைகளுக்கு வந்தன; சில ஆண்டுகளில் எச்.எம்.டி. முதலிடத்தை இழந்தது. திட்டத்தைச் சந்தை வென்றது என்று இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆவணங்கள் அதற்கு இடம் தரவில்லை.

டைட்டன், டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். பெயரிலேயே டாட்டா இண்டஸ்ட்ரீஸும் தமிழ்நாடும் ஒளிந்திருக்கின்றன என்பர். ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெருங்குழுமங்களின் கையைக் கட்டியிருந்த அக்காலத்தில், மாநில அரசுடன் கைகோப்பது அவர்களுக்குத் திறந்திருந்த வழிகளுள் ஒன்று. ஆலை நின்றது அரசு உருவாக்கிய தொழிற்பேட்டையில். கடிகாரம் செய்யும் நுட்பம் அறிந்த பொறியாளர்கள் சிலர் வந்தது எச்.எம்.டி.யிலிருந்து; அதாவது பொதுப்பணம் பயிற்றுவித்த கைகளும் கண்களும் புதிய நிறுவனத்துக்கு உரமாயின. இன்றும் டைட்டனின் பங்குகளில் சுமார் 28 விழுக்காடு டிட்கோவிடம் உள்ளது. டாட்டாவின் பங்கைவிட அது சற்றுக் கூடுதல்.

தொரப்பள்ளியில் பிறந்தவரின் ஊருக்கு அருகிலேயே இது நிகழ்ந்தது ஒரு வரலாற்று முரண். போட்டி வந்தால் தேக்கம் உடையும் என்ற இராஜாஜியின் கூற்று மெய்யாயிற்று. முதல் அடியை அரசு எடுத்துவைக்க வேண்டும் என்ற விஸ்வேஸ்வரய்யாவின் கூற்றும் அதே ஆலையில் மெய்யாயிற்று.

மென்பொருளின் கதையும் இதையொத்ததே. கணினி ஒன்றை இறக்குமதி செய்ய டெல்லிக்குப் பலமுறை அலைந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை இன்ஃபோசிஸின் நாராயண மூர்த்தி பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறை நீக்கப்பட்டபோது அத்தலைமுறை விடுதலை பெற்றதாக உணர்ந்தது; அவ்வுணர்வைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அந்நிறுவனம் நிலைகொண்ட எலெக்ட்ரானிக் சிட்டியை 1970களிலேயே வகுத்தது கர்நாடக அரசின் கியோனிக்ஸ். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்நகரத்தைத் தேர்ந்தபோது, பொறியியல் பட்டதாரிகளும் மின்னணுத் தொழில் தெரிந்தவர்களும் அங்கே ஏற்கெனவே இருந்தனர். அந்த இருப்பு அரைநூற்றாண்டு முதலீட்டின் விளைச்சல்.

5. கணக்கில் வராதவர்கள்

இரு தரப்பும் தத்தம் வெற்றிகளை எண்ணிக்காட்டலாம். இழப்பை யார் சுமந்தார் என்பதில்தான் இரு தரப்பின் கணக்கேடுகளும் வெறுமையாக உள்ளன.

கோலார் தங்கவயல் 1956இல் தேசியமயமாயிற்று. தங்கம் குறைந்து, செலவு உயர்ந்து, இழப்பு பெருகி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தனியார் லாபம் ஈட்டிய காலத்திலும் அரசு நட்டம் சுமந்த காலத்திலும் தூசியை நுரையீரலில் ஏற்றியவர்கள் அதே தமிழ்க் குடும்பத்தினர். இன்று அவர்களின் பிள்ளைகள் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தும்கூருக்கும் பிற ஊர்களுக்கும் ஆலைகளை விரித்தவர்களும், குவார்ட்ஸைப் புறந்தள்ளியவர்களும் அதற்கு வெகுமுன்பே ஓய்வுபெற்றுவிட்டனர். முடிவெடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் மற்றொருவர்.

சந்தையின் நகரத்திலும் இதே பிளவு உண்டு. மின்னணு வளாகங்களின் கழிவறைகளைத் துலக்குவோரும் வாயிலில் காவல் நிற்போரும் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஐ.டி.ஐ. தொழிலாளிக்குக் கிடைத்த குடியிருப்பும் மருத்துவமனையும் அவர்களுக்கு இல்லை. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உள்ள நகரத்துக்குக் காவிரி நீரை ஏற்றும் பொறுப்பை எந்தத் தனியார் நிறுவனமும் கேட்டு வாங்கவில்லை. அது இன்றும் அரசின் தலையில்தான் இருக்கிறது.

ஆகவே, திட்டமா சந்தையா என்று கேட்பதைவிட, தவறு நேரும்போது அதைக் கண்டறிந்து தடுக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்பது பெங்களூரின் வரலாற்றுக்குப் பொருத்தமானது. விஸ்வேஸ்வரய்யா முதல் கேள்விக்கு நிபுணரைப் பதிலாகத் தந்தார்; இராஜாஜி நுகர்வோரையும் போட்டியையும் தந்தார். இரண்டாம் கேள்விக்கு இருவரிடமும் விடையில்லை. குமரப்பா எழுப்பிய கேள்விக்கு அருகில் வரும் அது, அவர் வெளியேறிய நாள்முதல் வெளியிலேயே நிற்கிறது.

ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யின் பழைய கடிகாரங்கள் இன்று அருங்காட்சியகப் பொருள்களாக உள்ளன. சாவி கொடுத்தால் அவற்றுள் பல இன்னமும் ஓடும். அவற்றைக் கோத்த தொழிலாளர்களுள் ஒருவரின் பெயரும் எந்தக் கடிகாரத்தின் முகப்பிலும் இல்லை.